எவர்சில்வர் தகடு

என் கணவரின் அண்ணனிடம் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. அதை நான் வெறுத்த அளவுக்கு எந்த மனிதரையும் வெறுத்ததில்லை. அவரை வெறுக்க ஆரம்பித்ததுகூட வண்டிக்குப் பிறகுதான்.

எட்டுப் பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வாங்கியது. தி. நகரில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரக்கடை. பாத்திர மூட்டைகளை ஏற்றி இறக்கி அதன் பின்சீட்டு உறையெல்லாம் கிழிந்து தொங்கும். ஏசி எப்போதோ செத்துவிட்டது. இருந்தாலும் அதைக் கோயில் தேர் மாதிரி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம், முன்கண்ணாடிக்கு உள்ளே மல்லிகைச் சரம். எனக்கு இப்போதும் மல்லிகை வாசனையோடு டீசல் வாசனை சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்துக்குள். மாடியில் அவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கீழே நான், என் கணவர், பத்து வயது மகள். வீட்டை ஒட்டி நீளமாக ஒரு நடை. வண்டி அதில்தான் நிற்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் வண்டி தெருவைப் பார்த்தபடி கிளம்ப வேண்டும், பின்பக்கமாக இறங்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் கடையிலிருந்து வந்ததும் பின்னால் ஏற்றி ஏற்றி நடையின் கோடிவரை கொண்டுபோய் நிறுத்துவார். வண்டியின் முகம் தெருவுக்கு, புகைக்குழாய் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் என் மகளின் கட்டில். கட்டிலை ஹாலுக்கு மாற்றிப் பார்த்தோம். ஹால் ஜன்னலும் அதே நடையைப் பார்த்துத்தான் திறக்கிறது.

நிறுத்துவது ஒரு கொள்கை என்றால் கிளம்புவது இன்னொன்று. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். புதன்கிழமை அதே நேரம் எமகண்டம். கடைக்குக் கிளம்ப வேண்டிய நேரமும் அதுதான். இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஏழரைக்குச் சற்று முன்னால் இறங்கி வந்து, வண்டியைக் கிளப்பி, ஒரு முழம் முன்னால் நகர்த்துவார். அவ்வளவுதான், பயணம் நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டது. அதன்பின் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு மாடிக்குப் போய் இட்லி சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், கடைக்குப் போன் போட்டுப் பேசுவார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை பயணம் நடந்துகொண்டிருக்கிறது என்று கணக்கு. நடுவில் நின்றுவிட்டால் பயணம் தடைப்பட்டுப் போயிற்று; அன்றைக்கு வண்டியை எடுக்கவே மாட்டார், ஆட்டோவில்தான் போவார். வெளியூர் என்றால் அன்று பயணமே கிடையாது. அப்படி ஓட வேண்டியதென்றால் தெருவில் நின்று ஓடட்டுமே என்று ஒருமுறை கேட்டேன். கேட்டைத் தாண்டினால் வீட்டை விட்டுப் போனதாகிவிடுமாம். இட்லி சாப்பிடத் திரும்பி வந்தால் போன பயணம் கெட்டுவிடுமாம். கேட்டுக்கு உள்ளே ஓடினால் மட்டும் போயும் ஆயிற்று, வீட்டிலும் இருக்கலாம். இந்த மூளையைக் கடவுள் அவருக்கு வேறு ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

வண்டி முன்பெல்லாம் கன்னங்கரேலென்று புகை விடும். நடைச் சுவரில் ஒரு பாய் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. நான் அதைக் காட்டிச் சண்டை போடுவேன். அவரும் அப்போது கொஞ்சம் கூச்சப்படுவார், வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துத் தானே சுவரைத் தேய்ப்பார். பாத்திரக்காரர் அல்லவா, வாழ்நாள் முழுக்கக் கரியைத்தான் எதிரியாக நினைத்தவர். ஓடவிடும் நேரத்தைக்கூட என் சத்தத்துக்குப் பயந்து ஓரளவு குறைத்துக்கொண்டிருந்தார்.

அதைக் கெடுத்தது கே.கே. நகர்ப் பயணம். உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்காக எல்லோரும் அந்த வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் பைக்கில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியைத் தட்டினார்.

“இன்னா பெருசு, வண்டி ஓட்றியா, கொசு மருந்து அடிச்சிக்கினு போறியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். அத்தானின் முகம் சிவந்துவிட்டது. அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிட வேண்டும், அவர் என்னை டீச்சர் என்பார். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு நான் வேதியியல் எடுக்கிறேன். அவர் வாயில் அந்தச் சொல் எப்போதும் ஒரு நக்கலோடுதான் வரும்.

வளைகாப்பை மறந்து நேரே ஒரு ஒர்க்ஷாப்புக்கு விட்டார். பட்டுப்புடவையோடு நான் கிரீஸ் தரையில் நின்றேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் தாரில் தோய்த்தது போல வந்தது. இன்ஜின் விடும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடு அது, அதற்கு ஈஜிஆர் என்று பேர், வருஷக்கணக்கில் கரி சேர்ந்து அதன் வால்வு மூடாமல் திறந்தபடியே நிற்கிறது, அதனால்தான் வண்டி மூச்சு முட்டிப் புகை தள்ளுகிறது என்றார். இரண்டு வழி சொன்னார். கழற்றி முழுக்கச் சுத்தம் செய்து மாட்டலாம். அதற்கு வண்டியை விட்டுப் போக வேண்டும், கொஞ்ச காலம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரு தகடு வைத்து அந்த வழியையே அடைத்துவிடலாம்.

“இத்த அட்ச்சிட்டா பொகையே வராது சார். பிக்கப்பு சும்மா பிச்சிகினு போவும். பழைய வண்டி, டேஷ்போர்டுல வார்னிங் லைட்டு கிய்ட்டு ஒண்ணும் எரியாது.”

அடைத்துவிடலாம் என்றால் அதை எதற்கு வைத்தார்கள் என்று கேட்டேன். கவர்மென்டுக்காகக் கம்பெனிக்காரன் வைத்தது என்றார். அதற்காக மட்டும் இல்லை, இன்ஜினுக்குள் எரியும் சூட்டைக் குறைக்கத்தான் அது, சூடு ஏறினால் காற்றில் உள்ள நைட்ரஜனே எரிந்து நச்சு வாயுவாக வரும், அது கண்ணுக்குத் தெரியாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அத்தான் மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

“டீச்சர் பாடம் எடுக்கா. பேசாம கேட்டுக்கோ, பரீட்சைக்கு வரும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

தகடு கனமான ஸ்டீலில் இருக்க வேண்டும், தகரம் போட்டால் சூட்டில் ஓட்டையாகிவிடும் என்று மெக்கானிக் ஒரு பழைய துண்டைத் தேடி எடுத்தார். அத்தானுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் ஸ்டீல் விற்கிறவன் வண்டிக்குக் குப்பையிலிருந்து எடுத்த தகடா? அளவு எடுத்துக்கொண்டு போய், கல்யாணச் சமையலுக்கு விற்கும் பெரிய அண்டாவின் அடியிலிருந்து கனத்த துண்டு ஒன்று வெட்டச் சொன்னார். போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்துப் பிள்ளையார் சுழியும் வெட்டி வாங்கினார். பூஜை அலமாரியில் ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் கே.கே. நகருக்கு எடுத்துப் போனார். நச்சு வாயுவுக்குப் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. புகை நின்றுவிட்டது. வண்டி சீறிக்கொண்டு ஓடியது. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, பாஸான தாளை லேமினேட் செய்து கண்ணாடியில் மாட்டினார். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு நடைக்கு வரச் சொன்னார். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரத்தைப் பார்த்துத் தயங்கும் வாடிக்கையாளர் முன்னால் வெள்ளைத் துணியால் அதை உள்ளும் புறமும் துடைத்து, துணியை விரித்துக் காட்டுவார். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது, பேரம் முடிந்துவிடும். அதே மாதிரி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைச் சுருட்டிப் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்து, என் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினார். மங்கலாக ஒரு சாம்பல் கறை, அவ்வளவுதான்.

“இனிமே சண்டை போட ஒனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்.”

அவர் சொன்னது சரி. சுவரில் இருந்த கரிதான் என் பக்கத்துச் சாட்சி. அதை அந்தத் தகடு வாயை அடைத்து உட்காரவைத்துவிட்டது. இனி யார் வந்து பார்த்தாலும் சுவர் சுத்தம், குழாய் சுத்தம், தாளில் பாஸ். அந்த மெஷின் புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டும்தான் பார்க்கும், கறுப்பில்லாத விஷத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை என்று சொன்னால், கவர்மென்ட் மெஷினைவிட எனக்கு அதிகம் தெரியுமா என்று கேட்டார். கூச்சமும் போய்விட்டது. தகடு போட்ட பிறகு இன்ஜின் சூடேறவும் முன்னைவிட நேரம் பிடித்தது. அதனால் மற்ற நாட்களிலும் கூடுதலாக ஓடவிட்டார். திங்களும் புதனும் கேட்கவே வேண்டாம்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே லேசாக வீசிங் உண்டு. மழைக்காலத்தில் வரும், மருந்து கொடுத்தால் போகும். இன்ஹேலர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் அது அவள் பள்ளிக்கூடப் பையில் போய்ச் சேர்ந்தது, பிறகு தலையணைக்குக் கீழே வந்தது. காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருப்பாள். முதலில் இருமல், பிறகு இழுப்பு. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கும். கழுத்துக் குழியில் தோல் உள்ளே போய்ப் போய் வரும். ஒரு குழந்தை காற்றுக்காகப் பாடுபடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற கொடுமையை நான் என் விரோதிக்கும் வேண்ட மாட்டேன். அத்தானுக்குக்கூட.

திங்கள், புதன் என்று நான் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் மாடிக்கு ஓடினேன். அவர் பேப்பரைத் தாழ்த்தாமலே பதில் சொன்னார்.

“திங்கக்கெழம எந்தப் பிள்ளைக்குத்தாம்மா ஒடம்பு நல்லாருந்திச்சு?”

வாராவாரம் புதன்கிழமை அவளுக்குக் கணக்குப் பரீட்சை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சோம்பேறித்தனத்துக்கு நான் இடம் கொடுக்கிறேன் என்று என் கணவரிடம் வருத்தப்பட்டாராம். நான் பொறுத்துக்கொண்டு கோடை விடுமுறைக்குக் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் இல்லை, பரீட்சை இல்லை. திங்களும் புதனும் இழுப்பு மட்டும் வந்தது. மறுபடி மாடி ஏறினேன். வெயில் என்றார்.

இத்தனைக்கும் அவளிடம் அவருக்குப் பாசம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. கடைக்கு வரும் குட்டிக் குட்டி விளையாட்டுச் சாமான்களில் முதல் செட்டு அவளுக்குத்தான். பெரியப்பா என்று அவள் மாடிப்படியில் குரல் கொடுத்தால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வருவார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. பாசம் இல்லாதவர் என்றால் போலீசில் போய் நின்றிருப்பேன்.

என் கணவருக்கு அண்ணன் முன்னால் நாக்கு எழும்பாது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வளர்த்த தம்பி. நான் கத்தும்போதெல்லாம் சும்மா இரேன், சும்மா இரேன் என்பார். ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினேன். டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்தேன். கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்தேன். ஃபேனைச் சரியாகத் திருப்பி வைத்ததுதான் இதில் என் கணவரின் பங்கு.

பிறகு ஒரு திங்கட்கிழமை இன்ஹேலர் கேட்கவில்லை. எத்தனை முறை அடித்தும் இழுப்பு அடங்கவில்லை, உதடு நிறம் மாறியது. அத்தான் பதறிக்கொண்டு இறங்கி வந்து வண்டியில் ஏறு, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் முகத்தில் நெபுலைசர் வைத்துப் பகல் முழுக்கப் படுக்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கும் ஒரு நெபுலைசர் வாங்கிக்கொண்டோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீசல் வாயு நிச்சயம் ஆகாது, அதை அவளிடமிருந்து விலக்குங்கள், இப்படியே போனால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடும் என்றார். என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தார், நடுவில் ஒரே ஒரு மாற்றம். அதை அவளிடமிருந்து விலக்கச் சொன்னது, அவளை அதிலிருந்து விலக்கச் சொன்னதாக மாறிவிட்டது.

மாடியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. தென்காசியில் என் நாத்தனார் இருக்கிறாள். குழந்தையை அங்கே விட்டுவிடலாம். நல்ல காற்று, நல்ல தண்ணீர். பக்கத்திலேயே பள்ளிக்கூடம், அங்கே பேசியும் ஆயிற்று. வளர்ந்து உடம்பு தேறியதும் கூட்டிக்கொள்ளலாம். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“வண்டியைத் தென்காசிக்கு அனுப்புங்களேன் அத்தான்” என்றேன்.

“வண்டி இல்லாம கடைய எப்படிம்மா நடத்த? பிள்ள எங்க இருந்தாலும் வளரத்தான போவுது.”

கோபத்தில் சொன்னதில்லை. பொறுமையாக, புரியாத வாடிக்கையாளருக்கு விளக்குவது போலச் சொன்னார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. டீச்சர் பேசும் பேச்சா என்று சந்தே கேட்டிருக்கும். மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் கே.கே. நகர் போய் மெக்கானிக்கைப் பிடித்தேன். தகட்டை எடுத்துவிட்டு வால்வைச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லிக் கெஞ்சினேன். வண்டிக்காரர் சொல்லாமல் கை வைக்க முடியாது, நாளைக்கு ஏதாவது ஆனால் தன் தலைதான் உருளும், அவர் ஒரு போன் போட்டால் அடுத்த நிமிஷம் வருகிறேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயம் எல்லோரிடமும் இருந்தது, மூச்சு மட்டும்தான் என் மகளிடம் இல்லை.

அந்த வாரம் முழுவதும் நான் போகவிட மாட்டேன் என்றேன், அவர்கள் கொஞ்ச நாளைக்குத்தானே என்றார்கள். கடைசியில் குழந்தையே என்னிடம் வந்து, நான் போறேம்மா, நீங்க சண்டை போடாதீங்க என்றாள். அவள் துணிகளை என் கணவர் மடித்துப் பெட்டியில் வைத்தார். கல்யாணமான நாள் முதல் ஒரு கைக்குட்டை மடித்ததில்லை அந்த மனிதர்.

கிளம்பும் நாள் திங்கட்கிழமை. அத்தானே வண்டியில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஏழரைக்கு முன்னால் புறப்பட வேண்டும் என்று பரபரத்தார். மருந்துப் பை, புத்தகப் பை என்று நேரம் இழுத்தது. வழக்கம்போல அவர் இறங்கி வந்து, குழந்தையைப் பின்சீட்டில் ஏற்றி, வண்டியைக் கிளப்பி ஒரு முழம் நகர்த்தினார். பயணம் தொடங்கிவிட்டது. ஓடும் வண்டியில் அவளை உட்காரவைத்துவிட்டு, நாத்தனாருக்கென்று எடுத்து வைத்த பாத்திரங்களைக் கொண்டுவர மாடிக்குப் போனார். என் கணவர் பெட்டிகளைப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த இன்ஜின் ஓடும்போது அந்த நடையில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இறக்கிய ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. நல்ல கவுன் போட்டு, எண்ணெய் வைத்துப் பின்னி, முழங்கால் மேல் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். எப்போது அவள் அப்படிக் கையை ஊன்றுவாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரை தாண்டட்டும் என்று நின்றேன். தாண்டியதும் நேரே போய், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. மாடியிலிருந்து தடதடவென்று அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. கையில் ஒரு தூக்குச்சட்டி.

“யாரு வண்டிய நிறுத்தினது?”

சாவியைக் காட்டினேன்.

“ஏழரை தாண்டிட்டு. தெரியும்லா ஒனக்கு?”

“தெரியும் அத்தான். தெரிஞ்சுதான் நிறுத்தினேன்.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பயணம் கெட்டது, இனி இன்றைக்குப் போக முடியாது, குடும்பத்துக்கே ஆகாது என்று கத்த ஆரம்பித்தார். என் கணவர் என் கையிலிருந்து சாவியை வாங்க வந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் பாதி வழியில் நின்றுவிட்டார். கத்திக்கொண்டிருந்த அத்தான் திடீரென்று கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். எதையோ காது கொடுத்துக் கேட்டார். மெல்லிய விசில் சத்தம். வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் முன்பக்கம் போய்க் குனிந்தார்.

“எங்கயோ காத்து லீக் ஆவுது. ஹோஸ் கிழிஞ்சிருக்கும்” என்றார்.

அவர் மாடியில் இருக்கிறவர். அவளுக்கு இழுப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறார், நெபுலைசரோடு பார்த்திருக்கிறார். அதன் சத்தத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இன்ஜின் அதற்கு இடம் கொடுத்ததே இல்லை.

“வண்டி இல்ல அத்தான். பின்சீட்டு.”

அவர் நிமிர்ந்தார். வண்டியைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பெரியப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள், அந்தச் சொல்லுக்கு வேண்டிய காற்று அவளிடம் இல்லை. தோள் ஏறி இறங்கியது. கதவு திறந்ததும் அந்தச் சத்தம் நடை முழுக்கக் கேட்டது. இன்னும் ஏற்றாமல் இருந்த மருந்துப் பையிலிருந்து நெபுலைசர் எடுக்க என் கணவர் உள்ளே ஓடினார். அத்தான் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் அவரை நகரச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

அவளுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் அவருடையது போலவே இல்லை.

“அந்தத் தகட்டக் கழட்டணும்பா… ஆமா, சுத்தம் பண்ணியே மாட்டு… இல்ல, ஒம்போது மணிக்கெல்லாம் இல்ல. இப்பமே கெளம்பி வா. ராகு காலம் இருந்துட்டுப் போவுது.”

சற்று நேரம் கழித்துக் கீழே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறான், சாவி வேண்டும் என்று கையை நீட்டினார். டீச்சர் என்று கூப்பிடவில்லை, அம்மா என்றும் கூப்பிடவில்லை. என் மடியில் அவள் மூச்சு இன்னும் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக் வரட்டும், அவரிடமே கொடுக்கிறேன் என்று சொல்லி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.